பெல்ஜியம் ஏன் இன்னும் உடையவில்லை? வாசகர் கேள்வி பதில்

(நம் பத்தியாளர் பிரஸ்ஸல்ஸ் மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்து ஊரான ஹாலேயில் குடியிருக்கிறார். பெல்ஜியத்தின் மொழிப் பிரச்சினை பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக் குடிமையியலில் முதல் பாடமே பெல்ஜியமும் இலங்கையும்தான். பெல்ஜியம் அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டது, இலங்கை பகிர மறுத்தது என்று நடத்துகிறேன். போன வாரம் ஒரு மாணவி, "அப்போ பெல்ஜியத்துல எல்லாரும் ஒற்றுமையா இருக்காங்களா மிஸ்?" என்று கேட்டுவிட்டாள். என்ன சொல்வது?
– ஒரு பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: இல்லை என்றே சொல்லுங்கள். வடக்கே ஃபிளாண்டர்ஸில் டச்சு பேசுகிறார்கள், தெற்கே வலோனியாவில் பிரெஞ்சு. இவர்கள் பார்க்கும் டி.வி.யை அவர்கள் பார்ப்பதில்லை, அவர்கள் படிக்கும் பேப்பரை இவர்கள் தொடுவதில்லை. கட்சிகளே தனித்தனி. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 1968இல் மொழிவாரியாக உடைந்தது. லிபரல்கள் 1972இல், சோஷலிஸ்டுகள் 1978இல். தொழிலாளர் கட்சி ஒன்றுதான் இன்றும் நாடு முழுக்க ஒரே கட்சியாக நிற்கிறது. ஹாலே ஃபிளாண்டர்ஸைச் சேர்ந்த ஊர். சற்றுத் தெற்கே போனால் வலோனியா. அந்தப் பக்கத்துத் தலைவர் நாளைக்கு எனக்கும் சேர்த்து மந்திரியாகலாம். ஆனால் அவருக்கு ஓட்டுப் போடவோ அவரைத் தோற்கடிக்கவோ எனக்கு வழியில்லை.

ஆனாலும் பாடம் சொல்வது பொய் இல்லை. இவ்வளவு நீண்ட சண்டையில் கொலை என்பது மிக அபூர்வம். 1970இல் பிரஸ்ஸல்ஸில் சுவரொட்டி ஒட்டப் போன பிரெஞ்சு மொழிக் கட்சித் தொண்டர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். அந்த ஒரு சாவை இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள். நம் பக்கத்து நாடுகளில் மொழிக்காகவும் இனத்துக்காகவும் செத்தவர்களை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

பாடத்தில் போதிய அழுத்தம் இல்லாத ஒன்றை நீங்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெல்ஜியத்தில் அவமானப்பட்டவர்கள் பெரும்பான்மையினர். மக்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் டச்சு பேசுகிறவர்கள். ஆனால் 1830இல் நாடு பிறந்தபோது நீதிமன்றம், ராணுவ அதிகாரிகள், பல்கலைக்கழகம், பணக்காரர் வீட்டுக் கூடம் எல்லாம் பிரெஞ்சு. ஃபிளாண்டர்ஸ் பணக்காரர்களும் பிரெஞ்சில்தான் பேசினார்கள். வேலைக்காரியிடம் மட்டும் டச்சு. 1860இல் ஷார்ல்ருவா நகரில் இரண்டு ஃபிளெமிஷ் (ஃபிளாண்டர்ஸைச் சேர்ந்த, டச்சு பேசும்) தொழிலாளிகளைக் கொலைக் குற்றத்துக்காகத் தலையை வெட்டிக் கொன்றார்கள். விசாரணை நடந்தது அவர்களுக்குச் சரியாகப் புரியாத பிரெஞ்சில். அவர்கள் உண்மையில் குற்றம் செய்தார்களா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. டச்சுச் சட்ட வாசகத்துக்குப் பிரெஞ்சு வாசகத்துக்குச் சமமான மதிப்பு 1898இல்தான் கிடைத்தது. கெண்ட் பல்கலைக்கழகம் முழுதாக டச்சுக்கு மாறியது 1930இல். அரசியல் சட்டத்தின் அதிகாரபூர்வமான டச்சு வடிவம் வந்தது 1967இல். எண்ணிக்கையில் பெரியவர்கள், தங்கள் சொந்த நாட்டில், ஏறத்தாழ 137 ஆண்டு காத்திருந்தார்கள்.

அப்படிக் காத்திருந்தவர்கள் அதிகாரம் கைக்கு வந்ததும் என்ன செய்தார்கள் என்பதுதான் உங்கள் மாணவிக்கு உரிய பதில். 1970இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, பிரதமரைத் தவிர மத்திய அமைச்சரவையில் டச்சு பேசுகிறவர்களும் பிரெஞ்சு பேசுகிறவர்களும் சரிபாதி இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். 60 சதவீதம் பேர் பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள். பதிலுக்குப் பிரெஞ்சு பேசுகிறவர்கள் பெரும்பான்மையாக உள்ள பிரஸ்ஸல்ஸ் பிராந்திய அரசில், முதல்வர் போக, இரண்டு அமைச்சர் டச்சு, இரண்டு அமைச்சர் பிரெஞ்சு. ஒருவரையொருவர் நேசித்து இதைச் செய்யவில்லை. நேசம் இல்லாமலே செய்ய முடிந்தது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கேள்வி: மொழி எல்லை என்கிறார்களே, அங்கே வேலி போட்டிருக்கிறதா? சாதாரண ஆட்களுக்கு அதனால் என்ன தொல்லை?
– கல்லூரி மாணவர், திருப்பூர்

பதில்: வேலி கிடையாது, சோதனைச் சாவடி கிடையாது. வயல், மாடு, செங்கல் வீடு, எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஹாலேயில் ரயில் ஏறித் தெற்கே போனால் சற்று தூரத்திலேயே வலோனியாவின் டூபீஸ். அதுவரை டச்சில் அறிவித்துக்கொண்டு வந்த கண்டக்டர் எல்லை தாண்டியதும் பிரெஞ்சுக்கு மாறிவிடுவார். வடக்கே போனால் பிரஸ்ஸல்ஸுக்குள் இரண்டு மொழியும். 2024இல் வில்வோர்டே பக்கம், அதாவது டச்சுப் பகுதிக்குள், ஒரு கண்டக்டர் டச்சிலும் பிரெஞ்சிலும் காலை வணக்கம் சொல்லிவிட்டார். பயணி ஒருவர் மொழிக் கண்காணிப்பு ஆணையத்தில் புகார் கொடுத்தார். நாடே அதைப் பற்றிப் பேசியது. சாலைப் பலகையும் இப்படித்தான். மோன்ஸ் நகருக்குப் போகிறவர் எங்கள் ஊர்ப் பக்கத்தில் 'பெர்கன்' என்ற பலகையைப் பார்த்துப் போக வேண்டும். புதிதாக வண்டி ஓட்டுகிறவர்கள் திணறிப்போவார்கள்.

இந்தக் கோடு 1962-63இல் சட்டமாகி நிலைத்தது. அதற்கு முன் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள் கணக்கெடுப்பைப் பொறுத்து நகர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் பிரஸ்ஸல்ஸைச் சுற்றிப் பிரெஞ்சு கொஞ்சம் முன்னேறும். கடைசியாக மொழி கேட்ட கணக்கெடுப்பு 1947. அடுத்ததற்குப் படிவமே கொடுக்க மாட்டோம் என்று நூற்றுக்கணக்கான ஃபிளெமிஷ் மேயர்கள் மறுத்துவிட்டார்கள். 1961இல் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். மொழியால் பிரிந்த நாட்டில், எத்தனை பேர் எந்த மொழி பேசுகிறார்கள் என்று இன்றுவரை அரசாங்கம் எண்ணுவதில்லை!

தொல்லை எல்லாம் கோட்டின் ஓரத்தில் வாழ்கிறவர்களுக்குத்தான். பிரஸ்ஸல்ஸைச் சுற்றி ஆறு உள்ளாட்சிகள் ஃபிளாண்டர்ஸுக்குள் இருந்தாலும், அங்கே பிரெஞ்சு பேசுகிறவர்கள் அதிகம். அவர்களுக்குப் பிரெஞ்சில் கடிதம் பெறும் சலுகை உண்டு. 1997இல் ஃபிளெமிஷ் அரசு ஒரு சுற்றறிக்கை விட்டது. ஒருமுறை கேட்டால் போதாது, ஒவ்வொரு கடிதத்துக்கும் புதிதாகக் கேட்க வேண்டும் என்று. பிறந்ததிலிருந்து அங்கேயே வாழும் ஒரு கிழவரை ஒவ்வொரு முறையும் 'எனக்குப் பிரெஞ்சில் கொடுங்கள்' என்று கேட்க வைப்பது கொடுமை என்று நினைக்கிறேன். ஆனால் ஃபிளெமிஷ்காரர்களின் பயமும் நிஜம். பிரஸ்ஸல்ஸ் ஒரு காலத்தில் டச்சு பேசிய ஊர். கண்ணெதிரே அது கைவிட்டுப் போனதைப் பார்த்தவர்கள் அவர்கள். 'எண்ணெய்க் கறை' என்று சொல்வார்கள், இன்னும் பரவும் என்ற அர்த்தத்தில்.

வூரன் என்று ஆறு கிராமங்கள், நாலாயிரத்துச் சொச்சம் பேர். 1963இல் அதை லியேஜ் மாகாணத்திலிருந்து எடுத்து ஃபிளாண்டர்ஸின் லிம்பர்க்கில் சேர்த்தார்கள். டச்சு பேச மறுத்த ஜோஸே அப்பார் அங்கே மேயரானார். அந்தச் சிக்கலில் 1987இல் மத்திய அரசே கவிழ்ந்தது.

கேள்வி: பல்கலைக்கழக நூலகத்தையே பங்கு பிரித்தார்கள் என்று படித்தேன். உண்மையா?
– ஓய்வு பெற்ற நூலகர், மதுரை

பதில்: உண்மை. லூவன் பல்கலைக்கழகம் டச்சு மண்ணில் இருக்கிறது, ஆனால் அங்கே பிரெஞ்சுப் பிரிவும் இருந்தது. 'வலூன்காரர்களே வெளியேறுங்கள்' என்று ஃபிளெமிஷ் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். 1968 பிப்ரவரியில் அரசு கவிழ்ந்தது. பிரெஞ்சுப் பிரிவுக்காக வலோனியாவில் வெறும் வயலில் லூவான்-லா-நூவ் என்று புது ஊரே கட்டினார்கள். அலமாரி எண் ஒற்றைப்படையாக இருந்த நூல்கள் ஒரு பக்கம் போயின, இரட்டைப்படை மறுபக்கம். பல பத்திரிகைத் தொகுப்புகள் பாதியாக அறுந்தன.

அந்த நூலகத்தை 1914இல் ஜெர்மன் படை எரித்தது. அமெரிக்கர்கள் காசு கொடுத்துப் புதிதாகக் கட்டித் தந்தார்கள். 1940இல் மறுபடி எரிந்தது. மறுபடி சேர்த்தார்கள். அப்படிச் சேர்த்ததை அந்த நாட்டுப் பேராசிரியர்களே உட்கார்ந்து இரண்டாகப் பிரித்தார்கள். நூலகராகிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இதை மட்டும் என்னால் எந்த நியாயத்தாலும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கேள்வி: 541 நாள் அரசே இல்லாமல் இருந்தார்களாமே, நாடு எப்படி ஓடியது?
– சென்னை வாசகர்

பதில்: 2010 ஜூன் தேர்தலிலிருந்து 2011 டிசம்பரில் எலியோ டி ரூபோ பிரதமராகப் பதவியேற்கும் வரை. பழைய பிரதமர் இடைக்கால அரசாக நடத்தினார். ஃபிளாண்டர்ஸ், வலோனியா, பிரஸ்ஸல்ஸ் அரசுகளும், பள்ளிகளைப் பார்த்துக்கொள்ளும் மொழிவாரிச் சமூக அரசுகளும் தனியே ஓடிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடமும் பேருந்தும் அவர்கள் கையில். ஆகவே எங்களுக்குச் சம்பளமும் வந்தது, குப்பை வண்டியும் வந்தது. அந்த இடைக்கால அரசுதான் லிபியாவுக்குப் போர் விமானமும் அனுப்பியது.

அதிகாரத்தைப் பல கூறாக்கினால் வரும் சிரமம் கொரோனாவில்தான் உறைத்தது. சுகாதாரப் பொறுப்பு ஒன்பது அமைச்சர்களிடம் பிரிந்து கிடந்தது. முதியோர் இல்லம் ஒருவர் கையில், மருத்துவமனை இன்னொருவர் கையில். வார்டில் என்னோடு வேலை பார்த்தவர்கள் மாஸ்க் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்ற நாட்கள் உண்டு.

கேள்வி: நாம் கட்டும் வரி வடக்கே போகிறது என்று இங்கே பேசுகிறோம். அங்கேயும் அப்படித்தானா?
– ஆடிட்டர், கோயம்புத்தூர்

பதில்: அங்கே தெற்கே போகிறது என்று பேசுகிறார்கள். 2005இல் ஃபிளெமிஷ் தேசியவாதத் தலைவர் பார்ட் டி வேவரும் அவருடைய என்.வி.ஏ. கட்சிக்காரர்களும் போலி ஐம்பது யூரோ நோட்டுகளை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு வலோனியாவின் ஸ்ட்ரெப்பி-தியூ படகுத்தூக்கிக்குப் போனார்கள். ஃபிளாண்டர்ஸ் பணம் வருடாவருடம் இப்படித்தான் போகிறது என்று காட்டுவதற்கு. வலூன்காரர்கள் மனதில் அந்தப் படம் அழியவே இல்லை.

பழைய கணக்கையும் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் நிலக்கரியும் எஃகும் வலோனியாவில். 1840களில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது ஃபிளாண்டர்ஸ் விவசாயிகள் பிழைப்புக்கு ஷார்ல்ருவா சுரங்கங்களுக்குத்தான் போனார்கள். நிலைமை 1960களின் நடுவில் தலைகீழானது. ஆண்ட்வெர்ப் துறைமுகத்தோடு ஃபிளாண்டர்ஸ் மேலே வந்தது. வலோனியாவின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 1984இல் மூடியது. தாத்தா கூலிக்குப் போன ஊருக்குப் பேரன் இன்று பென்ஷனுக்கும் வேலையில்லாதோர் உதவிக்கும் பணம் தருகிறான். சமூகப் பாதுகாப்பு இன்னமும் மத்திய அரசிடம் இருக்கிறது, இருக்கட்டும் என்பதே என் கட்சி. சிகிச்சைச் செலவுக்கு எந்த மொழிக்காரர் என்று பார்த்து வரையறை வைத்தால் அதன் பிறகு ஒரே நாடு என்று சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாது.

கேள்வி: அக்கா, அங்கே நடந்தது எங்கள் நாட்டில் ஏன் நடக்கவில்லை? மொழிச் சண்டை இரண்டு இடத்திலும் இருந்ததுதானே?
– மட்டக்களப்பு வாசகர்

பதில்: தம்பி, இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பல இரவு யோசித்திருக்கிறேன். பிரஸ்ஸல்ஸ் மருத்துவமனையில் உங்கள் ஊரிலிருந்து அகதியாக வந்தவர்களுக்கு நான் ஊசி போட்டிருக்கிறேன், மொழிபெயர்த்தும் இருக்கிறேன்.

எனக்குப் பட்டது இது. இரண்டு நாட்டிலும் தலைவர்கள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். 1957இல் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் போட்ட ஒப்பந்தம் மோசமானது அல்ல. ஆனால் 1958இல் பிக்குகள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்ததும் பண்டாரநாயக்க அதைக் கைவிட்டார். அவர் கைவிட்டால் அதைத் தடுக்க தமிழர் கையில் எந்தப் பூட்டும் இல்லை. சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி அரசியல் சட்டத்தில் சிறுபான்மையினருக்கு இருந்த 29ஆம் பிரிவும் 1972இல் போய்விட்டது. பெல்ஜியத்தில் மொழி எல்லையையோ பிராந்திய அதிகாரத்தையோ மாற்ற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு மட்டும் போதாது. டச்சு உறுப்பினர்களில் பாதிக்கு மேல், பிரெஞ்சு உறுப்பினர்களில் பாதிக்கு மேல், தனித்தனியாகச் சம்மதிக்க வேண்டும். ஒரு தரப்பை மட்டும் நம்பி ஒப்பந்தம் நிற்கவில்லை. மாகாண சபைகளைக் கொண்டுவந்த உங்கள் 13ஆவது திருத்தத்தில் எழுதியிருக்கும் காணி அதிகாரமும் போலீஸ் அதிகாரமும் இன்றுவரை கைக்கு வராததற்கும் இதுதான் காரணம் என்பேன். கொடுக்க வேண்டியவர் மனம் வைத்தால்தான் கிடைக்கும் என்ற நிலையில் உரிமை இருக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் பணமும் செல்வாக்கும் இருந்தது, ஃபிளெமிஷ்காரர்கள் பக்கம் எண்ணிக்கை. இருவருக்கும் மற்றவரிடமிருந்து ஏதாவது தேவைப்பட்டது. உங்கள் மக்களுக்கு அந்தச் சமநிலை அமையவில்லை. அது உங்கள் குற்றமல்ல.

கேள்வி: பிரிவினைவாதியே பிரதமராகிவிட்டாரே, இனி பெல்ஜியம் பிரிந்துவிடுமா?
– சேலம் வாசகி

பதில்: பார்ட் டி வேவர் 2025 பிப்ரவரியில் பிரதமரானார். சுதந்திர ஃபிளெமிஷ் குடியரசு என்பது அவர் கட்சி விதிகளின் முதல் பிரிவிலேயே இருக்கிறது. 2024 தேர்தலில் அவர் கட்சியும், அதைவிடத் தீவிரமான ஃப்ளாம்ஸ் பெலாங் கட்சியும் சேர்ந்து ஃபிளெமிஷ் சட்டமன்றத்தின் 124 இடங்களில் 62 பிடித்தன. அதாவது சரிபாதி. ஆனாலும் டி வேவர் இப்போது பிரெஞ்சுக் கட்சிகளையும் சேர்த்துக்கொண்டு ஐந்து கட்சி அரசு நடத்துகிறார்.

உடனே பிரியாது என்றே நினைக்கிறேன். பிரஸ்ஸல்ஸை யார் எடுத்துக்கொள்வது? ஃபிளாண்டர்ஸுக்கு நடுவில் இருக்கிறது, அதன் தலைநகரமும் அதுவே, ஆனால் குடியிருக்கும் 12 லட்சத்துக்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சு பேசுகிறார்கள். அதை விட்டுவிட்டுப் போக இரண்டு பேருக்கும் மனம் வராது. நாட்டின் மொத்தக் கடன் அதன் ஆண்டு உற்பத்தியைவிட அதிகம். அதை எப்படிப் பங்கு போடுவார்கள்? 2006 டிசம்பரில் பெல்ஜியத்தின் பிரெஞ்சு மொழி அரசுத் தொலைக்காட்சி, 'ஃபிளாண்டர்ஸ் தனிநாடு அறிவித்தது' என்று கற்பனைச் செய்தி ஒன்றை நிஜம்போல ஒளிபரப்பியது. ஏராளமானோர் நம்பிப் பதறினார்கள். வார்டில் நோயாளிகள் அழுததைப் பார்த்தேன். இந்த நாட்டை யாரும் நேசிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூட அன்று தூங்கவில்லை.

என் கவலை வேறு. ஃபிளாண்டர்ஸ் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பிலிருந்து பிரெஞ்சு படித்தே ஆக வேண்டும். வலோனியாவில் டச்சைக் கட்டாயமாக்காமலே இத்தனை காலம் ஓட்டினார்கள், பலர் ஆங்கிலத்துக்குப் போய்விட்டார்கள். இப்போது ஃபிளாண்டர்ஸ் இளைஞர்களுக்கும் பிரெஞ்சு தேய்கிறது. அண்டை ஊர்க்காரர்கள் இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வதை ரயிலில் அடிக்கடி கேட்கிறேன். அடுத்தவன் மொழியைப் படிப்பது கௌரவக் குறைவு என்று 1932இல் வலூன் தலைவர்கள் நாடு முழுக்க இருமொழி வேண்டாம் என்று மறுத்ததற்கு இன்றும் விலை கொடுக்கிறார்கள்.

கேள்வி: பி.எஸ்ஸி. நர்ஸிங் முடிக்கப்போகிறேன். பெல்ஜியத்துக்கு வர ஆசை. எந்த மொழி படிக்க வேண்டும் மேடம்?
– மாணவி, வேலூர்

பதில்: எந்த ஊரில் வேலை என்பதை முதலில் முடிவு செய்யம்மா. ஆண்ட்வெர்ப், கெண்ட், லூவன் என்றால் டச்சு. லியேஜ், நமூர் என்றால் பிரெஞ்சு. பிரஸ்ஸல்ஸ் என்றால் இரண்டும். பிரெஞ்சு மட்டும் தெரிந்தால் போதும் என்று பிரஸ்ஸல்ஸில் உனக்குச் சொல்வார்கள். நம்பாதே.

ஏன் என்று சொல்கிறேன். என் வார்டில் ஒருமுறை எண்பது தாண்டிய ஃபிளெமிஷ் பாட்டி ஒருவர் இருந்தார். வாழ்நாள் முழுக்கப் பிரஸ்ஸல்ஸில் கடை நடத்திப் பிரெஞ்சு நன்றாகப் பேசியவர். பக்கவாதத்துக்குப் பிறகு பிரெஞ்சு போய்விட்டது, சின்ன வயதில் பேசிய டச்சுப் பேச்சுவழக்கு மட்டும் வாயில் நின்றது. இரவு டூட்டி டாக்டருக்கு அது ஒரு சொல்லும் புரியவில்லை. 'குழம்பிப் பேசுகிறார்' என்று கேஸ் ஷீட்டில் எழுதினார். அவர் குழம்பவில்லை, இடுப்பு வலிக்கிறது என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஹாலேயில் மாலை வகுப்பில் படித்த டச்சை வைத்து எனக்கு அது புரிந்தது. எக்ஸ்ரே எடுத்தோம், எலும்பு முறிவு இருந்தது. சட்டப்படி பிரஸ்ஸல்ஸின் அரசு மருத்துவமனைகளில் இரண்டு மொழியிலும் சேவை கிடைக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குச் சட்டம் வந்து நிற்காது, தெரிந்த நர்ஸ் நின்றால்தான் உண்டு. தனிநாடு வேண்டும் என்று கேட்கிற எத்தனையோ குடும்பங்களில் இப்படி ஒரு பாட்டியின் கதை இருக்கிறது. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன்.

டச்சில் தொடங்கு. உன் ஆங்கிலம் அதற்குக் கை கொடுக்கும், பிரெஞ்சைவிட வேகமாக வரும். பிரஸ்ஸல்ஸில் டச்சு கற்க விரும்புகிறவர்களுக்கு வழிகாட்ட 'ஹௌஸ் ஃபான் ஹெட் நேடர்லண்ட்ஸ்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. உன் நிலையைச் சோதித்துப் பார்த்து ஏற்ற வகுப்புக்கு அனுப்புவார்கள். பட்டத்துக்கு அங்கீகாரம் வாங்குவதும் மொழிவாரியாகத் தனித்தனி. ஃபிளெமிஷ் சமூக அரசிடம் ஒன்று, பிரெஞ்சு சமூக அரசிடம் ஒன்று. எந்தப் பக்கம் வேலை பார்க்கப் போகிறாயோ அந்தப் பக்கம் விண்ணப்பம் போடு. சான்றிதழ்களை அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் மாற்ற வேண்டியிருக்கலாம், அதற்குப் பணமும் சில மாதமும் ஒதுக்கி வை.